சத்தமில்லாத வண்டிக்கு முன்னால்

கண்ணு,

நேற்று நீ தோசையைப் பிய்த்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "போட்டிக்கு நீங்களே வந்து முன்னால நில்லுங்கம்மா" என்றாய். சட்னி போதுமா என்று கேட்பவளைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். நான் "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். உண்மையில் யோசிக்கவில்லை. அடுப்பின் பக்கம் திரும்பி, வெந்துவிட்ட தோசையை மறுபடி புரட்டிப் போட்டேன். ஓடையில் அது நடந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. இதற்குள் நீ என்னிடம் கோபப்பட்டிருந்தால் புரிந்திருக்கும். முகம் கொடுக்காமல் இருந்திருந்தால் அதுவும் புரிந்திருக்கும். என்னையே மறுபடி நம்பி அந்த வண்டிக்கு முன்னால் நிறுத்த உனக்கு எப்படி மனம் வந்தது என்பதுதான் விளங்கவில்லை. இப்போது நீ குன்னூரில் லேத் பட்டறைக்குப் போயிருக்கிறாய். நீ திரும்புவதற்குள் இதை எழுதி உன் மேசைமேல் வைத்துவிடப் போகிறேன். நேரில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். நீ பேசினால் நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நீ பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற நாளிலிருந்தே நான் அதிர்ந்துபோய்த்தான் இருக்கிறேன் என்று நினைக்கிறேன். அதை வெளியில் காட்டவில்லை, அவ்வளவுதான். எஸ்டேட்டில் ஏலம் விட்ட பழைய ஜீப் ஒன்று நம் வீட்டுக் கொட்டகைக்கு வந்தது. அதன் எஞ்சினைக் கழற்றி நீயும் உன் அப்பாவும் வாழைத்தாரைத் தூக்குவதுபோலத் தூக்கி வெளியே வைத்தீர்கள். அந்த இடத்தில் மின்மோட்டார் வரும், பின்சீட் இருந்த இடத்தில் பேட்டரி வரும், அது பாறை ஏறும் என்றாய். வேகமாக ஓடும் வண்டி செய்கிறாய் என்றாலாவது ஒரு அர்த்தம் இருக்கும். நடப்பதைவிட மெதுவாக, வழியே இல்லாத கல்லுக்கு மேல் கல்லாக ஏறி இறங்குவதற்கு ஒரு வண்டியா? நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். மழை பெய்தால் என்ன ஆகும், பேட்டரியின் எடைக்குச் சரிவில் வண்டி கவிழாதா, இதை யார் வாங்குவார்கள். முதல் இரண்டுக்கும் கணக்குப் போட்டுக் காட்டினாய். மூன்றாவதற்குச் சிரித்தாய். கணக்கைச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து திருத்தினேன். ஓரிடத்தில் தவறு கண்டுபிடித்தேன். நான் திருத்தியதில் இருந்த தவறை நீ கண்டுபிடித்தாய்.

மோட்டாரையும் பழைய கியர்பாக்ஸையும் இணைக்கும் தட்டு, மயிரிழை அளவு மையம் விலகியதால், திரும்பத் திரும்பப் பட்டறைக்குப் போய் வந்தது. ஒவ்வொரு முறையும் நீ சோர்ந்து வருவாய், இதோடு விட்டுவிடுவாய் என்று எதிர்பார்த்தேன். விட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம். ஒரு நாள் மத்தியானம் கல்லூரியிலிருந்து வந்தபோது, கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் கல்கட்டின்மேல் உன் வண்டி ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சக்கரம் என் இடுப்பு உயரக் கல்லைப் பிடித்திருந்தது. வண்டி அசையாமல் நிற்பதாகவே தோன்றியது. பிறகு, ஒரு பல்லி சுவரில் நகர்வதுபோல, மேலே போனது. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழுத் திருப்புவிசையையும் கொடுக்கும்; அந்தத் திருப்புவிசையை எத்தனையோ வருடமாக வகுப்பில் கதவைத் தள்ளிக் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறேன். அதை அன்றுதான் பார்த்தேன். நீ என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று, பால் பொங்கும் என்று சொல்லி உள்ளே போனேன். அடுப்பில் பால் இல்லை.

அந்த வண்டியில் எல்லோருக்கும் பிடித்துப்போனது அதன் மௌனம். ஓடைக்கு அக்கரையில் இருக்கும் ஜைனபு அக்காவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. கடைவீதியில் இருக்கும் தன் வர்க்கி பிஸ்கட் கடையை மத்தியானம் தம்பியிடம் விட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு அக்கரையில் உட்கார்ந்து, நீ ஓடைக் கற்களில் வண்டி ஏற்றுவதைப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. "ஏனுங்க டீச்சர், ஊமைப் படம் பாக்கற மாதிரி இருக்குதுங்க. ஒரு டுர்ருனாச்சும் வேண்டாமா?" என்பார். நீ பதிலுக்கு, "நீங்க இருக்கறப்ப வண்டிக்கு எதுக்குங்கக்கா சத்தம்?" என்பாய். நம் தேயிலைப் பாத்தியில் காட்டெருமை நின்ற நாள் நினைவிருக்கிறதா? எஞ்சின் சத்தம் கேட்டால் அவை தாமாகவே விலகிப் போகும். இங்கே எல்லோரும் அதை நம்பித்தான் வண்டி ஓட்டுகிறோம். உன் வண்டி அதன் முகத்துக்கு முன்னால் போய் நிற்கும்வரை அதற்குத் தெரியவில்லை. நீ வண்டியின் பக்கத் தகட்டைத் தட்டித் தட்டி அதை அனுப்பினாய். உன் அப்பா தட்டத்தை எடுத்து அடித்துக்கொண்டு கத்தினார். நான் என்ன செய்தேன்? வீட்டுக்குள் இருந்துகொண்டே உன் போனுக்குச் செய்தி அனுப்பினேன், "இறங்காதே" என்று. அதைச் சொல்லிச் சொல்லி நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். மலையில் நம் உயிரைப் பாதி நேரம் காதுதான் காப்பாற்றுகிறது என்பதை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். மூன்று பேரும் படித்தவர்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நாம் இதுவரை முழுதாகப் பேசிக்கொள்ளவில்லை. வழக்கமாக உனக்கு உதவ வரும் தோழி கோவைக்குப் போய்விட்டாள். முன் அச்சு கல்மேல் எப்படிச் சாய்ந்து கொடுக்கிறது என்று நீ கீழே நின்று பார்க்க வேண்டும், ஓட்ட ஆள் வேண்டும் என்றாய். கோத்தகிரி வளைவுகளில் ஜீப் ஓட்டிப் பழகியவள் நான். ஓடை காய்ந்து கிடந்தது. வண்டியைச் சரிவில் பாதி இறக்கி, நீ கையைக் காட்டியதும் நிறுத்தினேன். நீ குனிந்து ஒரு கல்லைப் புரட்டத் தொடங்கினாய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அப்போதுதான் உன் ஷூ லேஸ் அவிழ்ந்து கல்லுக்கிடையில் கிடப்பதைப் பார்த்தேன். அதை மிதித்து விழுந்துவிடுவாய் என்று பயந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே "லேஸைக் கட்டு" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். அக்கரையில் ஜைனபு அக்கா உட்கார்ந்திருந்தார். இவ்வளவு பெரிய பெண்ணை லேஸுக்காகக் கூவி அழைப்பதா என்று நினைத்தேன். நான் எப்போதும் அப்படித்தான். வகுப்பில்கூடக் குரலைத் தாழ்த்துவேனே தவிர உயர்த்தியதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டுமானால் எழுந்து பக்கத்தில் போய்த்தான் சொல்வேன். அதனால் இறங்கினேன்.

இறங்குவதற்கு முன்னால், மலையில் வண்டி ஓட்டும் எவரும் செய்வதைச் செய்தேன். முதல் கியரில் போட்டேன். சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தேன். இந்த ஈரத்தில் ஹேண்ட்பிரேக்கின் கேபிள் துருப்பிடித்துப்போகும், அதை நம்பக் கூடாது, கியரில்தான் வண்டி நிற்கும் என்பது எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது உன் அப்பா சொன்ன முதல் பாடம். அதிக நேரம் நிறுத்துவதென்றால் சக்கரத்துக்கு ஒரு கல் வைப்போம். ஒரு நிமிடத்துக்கு எதற்குக் கல்? கியரில் போட்டால் வண்டி ஏன் நிற்கிறது? அணைந்த எஞ்சினுக்குள் அடைபட்ட காற்று பிஸ்டனை நகரவிடுவதில்லை. அந்த எஞ்சின்தான் கொட்டகைக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டு கிடக்கிறதே. மின்சாரம் நின்றுபோன மோட்டாரைப் பிடித்து நிறுத்த உள்ளே எதுவும் கிடையாது. இயற்பியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவளுக்கு இது தெரியாதா? தெரியும். தேர்வில் கேட்டிருந்தால் ஒரு பக்கம் எழுதியிருப்பேன். என் கை மட்டும் வேறொரு வண்டியில் இருந்தது.

நாலு எட்டு வைத்திருப்பேன். என் பக்கத்தில் பச்சை நிறம் ஒன்று நகர்ந்தது. வண்டியின் பக்கவாட்டு. நான் பின்னால் போகிறேன் என்று நினைத்தேன். ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து ரயில் நகர்ந்தால் நாம் நகர்வதாகத் தோன்றுமே, அதுபோல. இரண்டில் எது நகர்கிறது என்று என் மூளை கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், உன் உயிர் போக இருந்த நேரத்தில் உன் அம்மா நின்றுகொண்டு சார்பு இயக்கத்தைப் பற்றி யோசித்தாள். பிறகு வண்டி என்னைக் கடந்துவிட்டது. அதற்கும் உனக்கும் நடுவில் எதுவுமில்லை. எஞ்சினும் உறுமவில்லை, பிரேக்கும் கிறீச்சிடவில்லை. நான் வாயைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. அக்கரையிலிருந்து ஜைனபு அக்காவின் குரல்தான் வந்தது. "யா அல்லா! அடியே பாப்பா! தாவுடீ! தாவு!"

அடுத்து எனக்குத் தெரிந்தது, நீ பக்கத்துப் பாறைமேல் உட்கார்ந்திருந்தாய். நீ குனிந்திருந்த இடத்தில் முன்சக்கரம் இருந்தது. பம்பர் பெரிய கல்லில் முட்டி நின்றிருந்தது. அந்த முட்டலுக்குக்கூட, யாரோ ஒரு பெட்டியைக் கீழே வைத்ததுபோல அவ்வளவு சின்னச் சத்தம். நான் உன்னிடம் வந்தேன். உன்னைக் கட்டிக்கொண்டேனா, அழுதேனா? இல்லை. மண்டியிட்டு உன் ஷூ லேஸைக் கட்டினேன். முடிச்சு விழவே இல்லை. நீ குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். ஜைனபு அக்கா தண்ணீரில்லாத ஓடையில் செருப்பில்லாமல் ஓடி வந்தார். "அறிவிருக்குதா ரெண்டு பேருக்கும்? பெத்த புள்ள மேல வண்டி போகுது, பாத்துட்டு நிக்கறீங்களே டீச்சர், வாயில என்ன வர்க்கியா வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டு உன் தலையைப் பிடித்து உலுக்கினார், உன்னை அடிப்பதா அணைப்பதா என்று தெரியாமல். உன் முழங்கையில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. நீ முதலில் பேசியது என்ன தெரியுமா? "வண்டி நேரா வந்துச்சாம்மா, ஒருபக்கமா இழுத்துச்சா?" 

அன்று மாலையே நீ முடிவு சொன்னாய். "என் தப்புங்கம்மா. சாவியைத் திருப்புனா தானா பிரேக் விழணும். ஆள் மறந்துட்டா ஆள் சாகற மாதிரி ஒரு வண்டியை நான் செஞ்சு வெச்சிருக்கேன். அது டிசைன் தப்பு." அதற்குப் பிறகு உட்கார்ந்து செய்தும் முடித்தாய். மின்சாரம் இருக்கும்வரை ஒரு மின்காந்தம் ஸ்பிரிங்கைப் பிடித்து வைக்கும், மின்சாரம் போனதும் ஸ்பிரிங் பிரேக்கை இறுக்கிவிடும். சாவியைத் திருப்பினாலும், கம்பி அறுந்தாலும், பேட்டரி செத்தாலும் வண்டி நிற்கும். நான் சோதித்துப் பார்த்தேன். அதே சரிவில், கீழே யாரும் இல்லாமல். நின்றது. நல்ல வேலை. ஒரு பொறியாளராக நீ சொன்னதும் சரிதான். மனிதர்கள் மறப்பார்கள் என்பதை வைத்துத்தான் எதையும் செய்ய வேண்டும். இதை நீ வாழ்நாள் முழுவதும் விடாதே. ஆனால் அந்த வாக்கியத்தை நீ எனக்காகவும் சொன்னாய். என் பங்கையும் சேர்த்து உன் கணக்கில் எழுதிக்கொண்டாய். அதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. பிரேக் இல்லாதது உன்னுடையது. இறங்கியது என்னுடையது. கத்தாமல் நின்றதும் என்னுடையது. அன்பினால்கூட ஒருவருடைய தவறை இன்னொருவர் எடுத்துக்கொள்ளக் கூடாது, கண்ணு. எடுத்துக்கொண்டால் அது திருத்தப்படாமலே போய்விடும். நாளைக்கு உன்னிடம் நாலு பேர் வேலை செய்வார்கள். அவர்களிடமும் இதைச் செய்யாதே.

இப்போது நேற்று நீ கேட்டதற்கு வருகிறேன். பாறை ஏறும்போது ஓட்டுபவருக்குத் தன் சக்கரம் தெரியாது. பானட்டும் வானமும்தான் தெரியும். அதனால் ஒருவர் முன்னால் நின்று இடது, வலது, நில் என்று சொல்ல வேண்டும். ஸ்பாட்டர் என்கிறாய். அடுத்த மாதம் கர்நாடகப் பக்கத்துப் பாறையில் நடக்கும் அந்தப் பாறையேறும் போட்டியில், டீசல் வண்டிகளுக்கு நடுவே உன்னுடையது ஒன்றுதான் மின்வண்டி. உன் தோழியால் வர முடியவில்லை. ஆனால் நீ என்னைக் கேட்டது ஆள் இல்லாததால் அல்ல. நீ என்னைக் குற்றவாளியாக நினைக்கவில்லை என்று எனக்குக் காட்ட வேண்டும், அதற்காகத்தான் கேட்டாய். கல்லூரியில் கரும்பலகையில் சாய்தளம் வரைந்துவிட்டு நான் அப்படியே நின்றுவிட்டதும், நீ கொட்டகையிலிருந்து வண்டியை எடுக்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடி வந்து பார்ப்பதும் உனக்குத் தெரிந்திருக்கிறது. இதெல்லாம் உன் நல்ல மனம். ஆனால் ஒரு பாறைச் சரிவில் வைத்து யாரும் யாரையும் ஆறுதல்படுத்தக் கூடாது. அங்கே யாருக்கு எது வருமோ அவர்தான் நிற்க வேண்டும்.

எனக்கு வராது என்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இன்று காலை நீ பஸ் ஏறியதும் ஓடைக்குப் போனேன். பனி இன்னும் விலகவில்லை. அந்தக் கல் இருந்த இடத்தில் நின்று, வண்டி வருவதாக நினைத்துக்கொண்டு "நில்!" என்று கத்தினேன். சத்தம் வந்தது. நன்றாகவே வந்தது, கொக்குகள் எழுந்து பறந்தன. ஆனால் கத்துவதற்கு முன்னால் நான் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தேன், யாராவது இருக்கிறார்களா என்று. தொண்டையைச் செருமிக்கொண்டேன். மறுபடி செய்து பார்த்தேன். மறுபடியும் திரும்பிப் பார்த்தேன். அந்த இடைவெளிக்குள் ஒரு சக்கரம் எவ்வளவு தூரம் வரும் என்று எனக்குத் தெரியும். ஐம்பதை நெருங்கும் வயதில் இதை மாற்றிக்கொள்ளலாம் என்று நீ சொல்லுவாய். மாறலாம். மாறுகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு நீ பொருளாக இருக்கக் கூடாது. முன்னால் நிற்க நான் வரவில்லை. அதுதான் என் பதில்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடமும் சொன்னேன். பம்பரில் இருக்கும் நசுங்கல் கல்கட்டில் இடித்தது என்று நாம் இருவரும் சொல்லிவைத்திருந்தோமே, அது பொய் என்றும், ஓடையில் நடந்தது என்ன என்றும் சொன்னேன். காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். கொட்டகைக்குப் போனார், நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். சமதளத்தில் நிற்கும் வண்டி, உன் புதுப் பிரேக் இறுகியிருக்கும் வண்டி. அதன் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லைத் தேடி எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார். நீ வந்ததும் அந்தக் கல்லை எடுத்துப் போட்டுவிடாதே. அவரே எடுக்கட்டும்.

பிறகு ஜைனபு அக்காவின் கடைக்குப் போனேன். கூட்டமில்லாத நேரம். போட்டிக்கு உன்னோடு வர முடியுமா, முன்னால் நிற்க முடியுமா என்று கேட்டேன்.

"நானா? நல்லாருக்குது டீச்சர். பஸ்ஸுக்குப் பின்னாடி நின்னு வரலாம் வரலாம் ரைட்டுங்கற வேலைதானுங்களே?"

"முன்னாடி நின்னு."

"எதோ ஒண்ணு. எடது வலதெல்லாம் எனக்குக் கொழம்பும் பாத்துக்கோங்க."

"அதைப் பாப்பா கத்துக்கொடுப்பா. கத்தறது உங்களுக்குத் தெரியும்."

"அதெங்க ஊட்டுச் சொத்துங்க." சிரித்தார். அப்புறம் பேண்ட் போட வேண்டுமா, புர்கா தடுக்குமா, சுடிதாரும் கேன்வாஸ் ஷூவும் போதுமா என்று கேட்டார். லேஸ் இல்லாத ஷூவாக வாங்குங்கள் என்றேன். வர்க்கியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "நீங்க எங்க நிப்பீங்க டீச்சர்?"

"மேல, பாக்கறவங்களோட."

"அங்கயும் வாயத் தொறக்க மாட்டீங்க."

"மாட்டேன்."

"கண்ணையாச்சும் தொறந்து வெச்சிருங்க" என்றார்.

கண்ணு, அவர் அதைப் பார்த்திருக்கிறார். அக்கரையிலிருந்து எல்லாம் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளாக யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. கடைவீதி முழுக்கக் கேட்கும்படி பேசுகிறவர். வண்டி என்னைக் கடந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். நான் மறுபடி திறந்தபோது நீ பாறைமேல் இருந்தாய். நடுவில் நடந்ததை ஜைனபு அக்காதான் இன்று சொன்னார்: நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், இரண்டு கைகளையும் ஊன்றி, வரையாடு போலப் பக்கவாட்டில் தாவினாயாம். நான் உன்னைப் பெற்றவள், நீ தாவியதை நான் பார்க்கவே இல்லை. போட்டிக்கு வருகிறேன். உனக்கு முன்னால் நிற்க அல்ல. நீ அந்தப் பாறையில் ஏறும்போது, கவிழ்ந்துவிடும்போலச் சாயும்போது, பார்ப்பதற்காக.

அம்மா